மலாயாப் புலியும் பால்மரத் தோட்டத்துப் பிள்ளைகளும்

கபிலை ஆற்றங்கரையில் குடியிருக்கும் நமக்கும் மலேசிய நாட்டுக் கால்பந்து அணிக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நஞ்சுண்டேசுவரர் தேர்த் திருவிழாவைப் பற்றியோ, தொழிற்பேட்டையில் உழைக்கும் நம்மவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ எழுதாமல், கடல் கடந்த பந்தாட்டம் ஒன்றை இப்பகுதிக்குக் கொண்டுவருவானேன்? கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் சங்கத்துக் குடும்பங்களில் பழங்கதை பேசுவோரைச் சற்றுக் கேட்டுப் பாருங்கள். பாட்டனாரின் தமையனோ, பாட்டியின் தம்பியோ, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர் ஒருவரேனும் அக்கதையில் வருவார். அவர் வடக்கே திரும்பி மைசூருக்கு வந்திருந்தால் நம் அண்டை வீட்டுக்காரராக இருந்திருப்பார். கிழக்கே போனதால் மலாயாக்காரர் ஆனார். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போன ஒரே கூட்டத்தின் இரண்டு கிளைகள் நாம். ஆதலால் அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இங்கே நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

மேலும், 2025-ஆம் ஆண்டில் அந்நாட்டு அணியைப் பற்றி வெளிவந்த ஒரு செய்தி நம் இளைஞர்களிடையே பெரிய பேச்சாக இருந்தது. பாட்டன் பாட்டிமாரின் பிறப்புச் சான்றிதழைப் பற்றிய செய்தி அது. அதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் கதையைப் பின்னாலிருந்து தொடங்கவேண்டும்.

மலாயாவில் கால்பந்து ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆட்டம். 1921-இல் ‘மலாயா’ என்னும் பெயர் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் அங்கே வந்தபோது, தமக்குக் கிடைத்த உபசாரத்துக்கு நன்றியாகக் கப்பலார் இரண்டு கிண்ணங்களைப் பரிசளித்தனர். ஒன்று ரக்பிக்கு, மற்றொன்று கால்பந்துக்கு. அக்கால்பந்துக் கிண்ணத்துக்காக மாநிலங்கள் ஆண்டுதோறும் மோதத் தொடங்கின. இன்று மலேசியக் கிண்ணம் என வழங்குவது அதன் வழிவந்த போட்டிதான். 1933-இல் சங்கம் அமைந்தது. பட்டணங்களில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று இனத்துக்கொரு மன்றம் வைத்து ஆடினார்கள். தோட்டப்புறத்திலோ கதை வேறு. ரப்பர்த் தோட்டத்தில் தமிழருக்கு இருந்தவை ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப் பள்ளி, ஒரு கள்ளுக்கடை, ஒரு திடல். விடியுமுன் மரம் சீவப் போனவர்கள் பிற்பகலில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்தத் திடலுக்கு வருவார்கள். நான்கில் மூன்று வேண்டியவை, ஒன்று வேண்டாதது என்று சொல்லிவிடலாம். எது வேண்டாதது என்பதை அன்பர்களே அறிவர்.

1957-இல் மலாயா விடுதலை பெற்றது. நாட்டின் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானே கால்பந்துச் சங்கத்தின் தலைவர். விடுதலை விழாவோடு அவர் தொடங்கிவைத்த மெர்டேக்கா போட்டிக்கு ஆசிய நாடுகள் வந்து ஆடின. 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மலாயா வென்றது. 1959-இல் இரண்டாம் இடம் பெற்றது யார்? நம் இந்தியா. அக்காலத்தில் இரு நாடுகளும் தோளோடு தோள் நின்றவை. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவுக்குத் தங்கம், தென் கொரியாவுக்கு வெள்ளி, மலாயாவுக்கு வெண்கலம். அந்த விழாவுக்குப் போன இந்திய அணியில் மைசூர் மாநிலத்திலிருந்து அருமைநாயகம் இருந்தார். இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெல்லிங்டனில் இருந்த மதராஸ் படைப்பிரிவில் சேர்ந்து, அங்கே பேர்பெற்றவர் அவர். இரண்டும் தமிழ்ப் பெயர்கள். இரண்டும் தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே ஊன்றி வளர்ந்தவை. இதை நாம் வேண்டுமென்றே குறிப்பிடுகிறோம், பின்னர் பயன்படும்.

நிற்க. மலாயா 1963-இல் மலேசியா ஆயிற்று. அணியின் பட்டப்பெயர் மட்டும் ‘மலாயாப் புலி’ என்றே நிலைத்தது. 1960-களில் தனபாலன் என்னும் நம்மவர் முன்வரிசையில் பெயர் பெற்றார். பிறகு வந்தது 1971. மியூனிக் ஒலிம்பிக்கில் இடம்பெறுவதற்கான ஆசியச் சுற்று தென் கொரியத் தலைநகரான சியோலில் நடந்தது. ஜப்பானை 3-0 என்றும், சொந்த மண்ணில் ஆடிய தென் கொரியாவை 1-0 என்றும் மலேசியா தோற்கடித்தது. இன்று அவ்விரு நாடுகளும் உலகக் கோப்பைக்குத் தவறாமல் செல்வன என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வெற்றியின் அளவு புரியும். 1972-இல் மியூனிக்குச் சென்ற அணிக்குத் தலைவர் எம். சந்திரன். மேற்கு ஜெர்மனியிடம் 0-3 எனத் தோற்றனர். அமெரிக்காவை 3-0 என வென்றனர். மொராக்கோவிடம் 0-6 எனத் தோற்று வீடு திரும்பினர். வெற்றி ஒன்று, தோல்வி இரண்டு. கணக்கு அவ்வளவுதான். ஆயினும் அரை நூற்றாண்டு கடந்தும் மலேசியர்கள் அந்த அணியை நினைவுகூர்கிறார்கள். கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் இனத்தில் பிறந்த ஒருவர் நாட்டின் அணியை முன்னின்று நடத்திச் சென்றார் என்பது அன்று யாருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை. அதுவே நமக்கு வியப்பாக இருக்கிறது.

1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மீண்டும் வெண்கலம். அக்காலத்து முன்னணி வீரர் மொக்தார் டஹாரி. அவரைப் பற்றி எழுதினால் இப்பகுதி முழுவதும் அவருக்கே போய்விடும். ஆதலால் நேரே 1980-க்கு வருவோம்.

மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று. 1980 ஏப்ரல் 6, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். எதிரே தென் கொரியா. மலேசிய அணியின் பின்வரிசை நடுவில் சோ சின் ஆன் என்னும் சீனரும் சந்தோக் சிங் என்னும் சீக்கியரும் நின்றனர். அவர்களுக்குப் பின்னால் கோலில் நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள் உடையவர். எங்கே பந்து போனாலும் அங்கே அக்கைகள் போய் நிற்பதால் ‘சிலந்தி மனிதன்’ என்று மக்கள் அவருக்குப் பெயரிட்டிருந்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் கணக்கு சமமாக நின்றது. அப்பொழுது போர்னியோத் தீவின் சபா மாநிலத்திலிருந்து வந்திருந்த ஹசான் சானி பந்தைத் தள்ளிக் கொடுக்க, அதே சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் அதைக் கோலாக்கினார். 2-1. அரங்கம் அதிர்ந்தது. ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர் என்று எண்ணிப் பார்த்து அன்று எவரும் கைதட்டவில்லை. அத்தனை பேரும் ‘நம் பையன்கள்’.

ஆனால் அந்தப் பையன்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது மலேசியாவும் விலகிக்கொண்டது. அதன் இடத்தில் ஈராக் ஆடியது. வென்ற உரிமையை அரசியல் எடுத்துக்கொண்டது. ஆறுமுகம் 1988-இல் ஒரு வாகன விபத்தில் காலமானார். 2016-இல் அந்த 1980 வெற்றியைத் தழுவி ‘ஓலா போலா’ என்றொரு திரைப்படம் வெளிவந்தது. இளந்தலைமுறை அதைப் பார்த்துத்தான் இந்தப் பெயர்களை அறிந்துகொண்டது.

அதன் பின் நெடுங்காலம் இறங்குமுகம். 1994-95-இல் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்த ஊழல் வெளிப்பட்டது. பல வீரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், தடை செய்யப்பட்டார்கள். ஓர் அணியின் முதுகெலும்பு அங்கே முறிந்தது. இன்னொரு முறிவு சத்தமில்லாமல் நிகழ்ந்தது. அதைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில செம்பனைத் தோட்டங்களாயின. சில வீட்டுமனைகளும் தொழிற்சாலைகளும் ஆயின. தமிழ்க் குடும்பங்கள் லயத்து வீடுகளை விட்டுப் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. கோயிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், பள்ளியைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். திடலைப் பெயர்த்துக்கொண்டு போக எவராலும் முடியவில்லை. பதின்மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பையன் பந்தை எங்கே உதைப்பான்? தேசிய அணியில் தமிழ்ப் பெயர்கள் அருகியதற்கு இது முதற் காரணம் என்பது நம் கருத்து.

இருந்தும் ஒரு தமிழர் அந்த அணியைத் தூக்கி நிறுத்தினார். அவர் கே. ராஜகோபால். 1980-களில் நாட்டுக்காக ஆடியவர், பின்பு பயிற்சியாளரானவர். 23 வயதுக்குட்பட்ட இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு 2009 டிசம்பரில் லாவோஸ் நாட்டு வியந்தியானுக்குச் சென்றார். தென்கிழக்காசிய விளையாட்டு இறுதியில் வியட்நாமை 1-0 என வென்று தங்கம் கொணர்ந்தார். மலேசியாவுக்கு 20 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த கால்பந்துத் தங்கம் அது. வியட்நாம் வீரர் ஒருவரே தம் கோலுக்குள் பந்தை அடித்துவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மறு ஆண்டு தென்கிழக்காசியக் கோப்பை. ராஜகோபால் புகழ்பெற்ற மூத்தவர்களைத் தேடாமல் பெரும்பாலும் அதே இளைஞர்களை நம்பினார். 2010 டிசம்பர் முதல் நாள் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 எனப் படுதோல்வி. இப்படிப்பட்ட நேரத்தில் பயிற்சியாளரின் தலையைக் கேட்பது எந்நாட்டிலும் வழக்கம். ராஜகோபால் பையன்களை மாற்றவில்லை. அரையிறுதியில் அப்போதைய சாம்பியனான வியட்நாமைத் தோற்கடித்தார்கள். இறுதியில் மறுபடியும் இந்தோனேசியாவே எதிர்ப்பட்டது. டிசம்பர் 26 அன்று கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0 என வென்றனர். டிசம்பர் 29 அன்று ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 ஆகிக் கோப்பை மலேசியாவுக்கு வந்தது. அந்த ஜகார்த்தா ஆட்டத்தில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த பெனால்டி உதையை 21 வயதுக் கோல்காவலர் கைருல் பாஹ்மி தடுத்ததே திருப்புமுனை. சாபி சாலி அந்தப் போட்டியில் 5 கோல்கள் போட்டு முதலிடம் பெற்றார். அணியில் குணாளன், குருசாமி ஆகிய நம்மவரும் இருந்தனர். டிசம்பர் 31-ஐ அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது. மலேசியா அக்கோப்பையை வென்றது அதுவே முதன்முறை.

இனி அணியின் ஆசைகளைப் பற்றி. உலகக் கோப்பையில் மலேசியா ஒருமுறையும் ஆடியதில்லை. 2018-இல் உலகத் தரவரிசையில் 178-ஆம் இடத்துக்கு இறங்கியிருந்த அணி, பின்பு கிம் பான் கோன் என்னும் கொரியப் பயிற்சியாளரின் கீழ்த் தேறியது. 43 ஆண்டுகளுக்குப் பின் சொந்தத் தகுதியால் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்து, 2024 ஜனவரியில் கத்தாரில் தென் கொரியாவோடு 3-3 எனச் சமநிலை கண்டது. ஆனால் முன்னதாக 2023 அக்டோபரில் மெர்டேக்கா போட்டியில் நம் இந்தியாவை 4-2 என வீழ்த்தியதும் அவ்வணிதான். அப்போட்டியில் கோல்கோட்டைக் கடந்த இந்தியப் பந்து ஒன்றை நடுவர் கணக்கில் கொள்ளவில்லை என்ற மனக்குறை நமக்கு உண்டு. 2024 நவம்பரில் ஐதராபாத்தில் மீண்டும் சந்தித்தபோது 1-1. ஆகவே இரண்டு அணிகளும் ஏறக்குறைய ஒரே படியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தவை.

மேலே ஏறக் குறுக்குவழி ஒன்று உண்டு. உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபாவின் விதிப்படி, வீரனோ, அவனைப் பெற்றவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ ஒரு நாட்டில் பிறந்திருந்தால், அந்நாட்டுக் குடியுரிமை பெற்று அவன் அதற்காக ஆடலாம். 18 வயதுக்குப் பின் 5 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவனும் ஆடலாம். இந்தோனேசியா தன் வேர் உள்ள டச்சு நாட்டு வீரர்களை அழைத்துவந்து வெகுவாக முன்னேறியது. அண்டை வீட்டார் மாடி கட்டினால் நமக்கும் கை ஊறும் அல்லவா? மலேசியாவும் புறப்பட்டது. 2025 ஜூன் 10 அன்று புதிய வீரர்களோடு வியட்நாமை 4-0 என வென்றபோது கோலாலம்பூர் கொண்டாடியது.

செப்டம்பரில் பீபாவின் தீர்ப்பு வந்தது. ஏழு வீரர்களின் பாட்டன் பாட்டிமார் பினாங்கிலும் மலாக்காவிலும் ஜோகூரிலும் சரவாக்கிலும் பிறந்தவர்கள் என்று காட்டிய தாள்கள் பொய் என்றும், மூலப் பதிவுகளின்படி அவர்கள் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பிறந்தவர்கள் என்றும் அது கூறியது. சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். வீரர்களுக்கு ஓராண்டுத் தடை. அலுவலகத்தில் நேர்ந்த தவறு என்று சங்கத்தார் சொன்ன சமாதானத்தை ஏற்காமல் நவம்பரில் மேல்முறையீட்டுக் குழுவும் தீர்ப்பை உறுதி செய்தது. சங்கத்தார் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தை அணுகினர்.

யாரையும் எள்ளி நகையாட நாம் இதை எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பினாங்கிலும் மலாக்காவிலும் ஜோகூரிலும் மெய்யாகவே பிறந்த பாட்டன் பாட்டிமாரை உடைய பிள்ளைகள் அந்நாட்டில் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! அதே நாட்டில், தோட்டத்தில் பிறந்தும் பிறப்பைப் பதியாததால் தாளின்றித் தவித்த தமிழர்கள் உண்டு. ஆயுள் முழுவதும் உழைத்தும் குடிமகனுக்குரிய நீல அடையாள அட்டை கிட்டாமல், நிரந்தரக் குடியிருப்பாளரின் சிவப்பு அட்டையோடே மூப்படைந்தவர்கள் உண்டு. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் பெட்டி கட்டிக்கொண்டு தமிழகத்துக்குத் திரும்பினர். உண்மையான பாட்டிக்குத் தாள் இல்லை. தாள் வந்த பாட்டியோ உண்மையில்லை. இதைவிடக் கசப்பான வேடிக்கை வேறு என்ன இருக்கிறது?

நஞ்சன்கூட்டில் நமக்கு நாடு பற்றிய வழக்கு இல்லை. இதுவும் பாரதமே. ஆயினும் தாள் பற்றிய வழக்கு நமக்கும் தெரியாததன்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்ச் சேலத்திலோ தருமபுரியிலோ குழந்தை பெற்று, மூன்று மாதம் கழித்து இங்கே திரும்பும் நம் பெண்களில், பிறப்பைப் பதிந்துகொண்டு வருபவர் எத்தனை பேர்? பிறந்த 21 நாட்களுக்குள் சொன்னால் பதிவுக்குக் கட்டணமில்லை. பிறந்த ஊரின் பதிவாளரிடந்தான் பதியவேண்டும், இங்கே வந்து பதிய இயலாது. 2023 அக்டோபர் முதல் தேதியும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர, ஆதார் பெற, கடவுச்சீட்டு எடுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. ஆகவே தாய்மார்கள் தொட்டிலை ஏற்றும் வண்டியிலேயே சான்றிதழையும் ஏற்றிக்கொண்டு வருவது நலம்.

இனி, நம் பையன்கள் எந்த அணியைத் தம் அணியாகக் கொள்வது என்ற கேள்வி. சங்கத்து இளைஞரிடையே இதில் இரு கட்சிகள் இருப்பதை அறிவோம். சந்தோஷ் கோப்பையில் தமிழ்நாடும் கர்நாடகமும் மோதினால் யாருக்குக் கைதட்டுவது என்று வீட்டுக்குள்ளேயே தகப்பனும் மகனும் வாதாடுகிறார்கள். தகப்பன் பிறந்த மண்ணுக்குத் தட்டட்டும், அதில் குற்றமில்லை. மகனை மட்டும் தடுக்கவேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். அவன் கபிலைக்கரையில் பந்து பழகியவன். கன்னடத்தில் கூவிப் பந்தைக் கேட்பவன். சந்திரனும் ஆறுமுகமும் மலாய் மொழியில் கூவித்தான் பந்தைக் கேட்டிருப்பார்கள். அதனால் அவர்கள் தமிழ் கரைந்துவிடவில்லை.

மைசூர் மண்ணுக்கு இது புதிதுமன்று. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் மைசூர் அணிக்காரர். மைசூர் மாநிலம் நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்றது, கடைசியாக 1968-69-இல். பின்பு 54 ஆண்டுகள் கோப்பை இந்தப் பக்கம் திரும்பவில்லை. 2023 மார்ச்சில் சவுதி நாட்டு ரியாத் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் மேகாலயாவை 3-2 என வென்று கர்நாடகம் அதை மீட்டது. அன்று கர்நாடகத்துக்காகக் கோல் போட்ட மூவரின் பெயர்கள்: சுனில் குமார், பேக்கி ஓராம், ராபின் யாதவ்.